மெதுவாண்ணனும் ஜன்னல் கணக்கும்

மெதுவாண்ணனைப் போல ஒரு சைக்கிள் பயிற்சியாளர் இந்த பூமியில் இன்னொருவர் இருக்க முடியாது. ரேசுக்கு ஆள் தயார் செய்தவர், "வேகமாகப் போ" என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் "மெதுவா, மெதுவா"தான். அதனால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் அவருடைய கம்பெனி அடையாள அட்டையில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பைப் கம்பெனியில் ஃபிட்டர். ஐம்பத்தேழு வயது. மனைவி இறந்துவிட்டார், மகள் ஓசூரில். புதுவாயலில் தனி வீடு. நான் பக்கத்துக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறேன். எட்டு மணி நேரம் உயரத்தில் ஒரு கேபினுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிற வேலை. கீழே இறங்கினாலும் தனிதான். என் வாய் சரியில்லை என்று மனைவி ஆர்.கே.பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய் அப்போதே இரண்டு வருடம். வாய் சரியில்லைதான். ஒத்துக்கொள்கிறேன்.

சர்க்கரை என்றார் டாக்டர், சைக்கிள் வாங்கினேன். ஆறே மாதத்தில் திமிர் ஏறி, நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ரேசில் பெயர் கொடுத்தேன். நாற்பது கிலோமீட்டர். நான் போய்ச் சேர்ந்தபோது முடிவுக் கோட்டில் பேனரைக் காணோம். அவிழ்த்து வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே முடிப்பது என்று தெரியாமல் ஒரு டீக்கடை வரை மிதித்துப் போய் விசாரித்தேன்.

"ரேசா? அது அப்பவே முடிஞ்சி பூட்ச்சே" என்றார் டீ மாஸ்டர்.

அடுத்த வருடம் பேனர் அங்கே இருக்கும்போதே அதன் கீழே போய்விட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் மெதுவாண்ணனிடம் போய் மாட்டினேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புதுவாயல் கூட்டுரோடு. அங்கிருந்து பழவேற்காடு போய்த் திரும்ப வேண்டும். அவர், நான், பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் காசிம் பாய். முதல் நாள் இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, மெதுவாண்ணன் என் பக்கத்தில் வந்தார்.

"நைனா, உன் மாமியார் ஊட்டுல எத்தினி ஜன்னலு?"

"இன்னாது?"

"ஜன்னலு. மூச்சு வாங்காத முழுசா சொல்லு."

"நாலு... இருக்கும்... ண்ணே..."

"மூணு வார்த்தைக்கு மூணு மூச்சா? கியர கொற. மெதுவா."

இதுதான் அவருடைய விஞ்ஞானம். வாரத்தில் ஒருநாள்தான் உயிர் போகிற மாதிரி மிதிக்கலாம். மற்ற நாளெல்லாம் பேசிக்கொண்டே போகிற வேகம். நம் வயதில் இதயம் வலுவாவது அந்த மெதுவான நாட்களில்தான் என்பார். பேச்சு உடைந்தால் வேகம் அதிகம். அதைப் பரிசோதிக்கத்தான் கேள்வி. கேள்விக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது. உன் கல்யாணத்தில் என்ன பொரியல், முதல் மேஸ்திரிக்கு மீசை உண்டா, உன் பெண்டாட்டிக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வேன்.

ஒருநாள் பொன்னேரி தாண்டி, கேரியரில் இரண்டு கேன் கட்டிய பால்காரர் எங்களை முந்திப் போனார். பீடி பிடித்துக்கொண்டு.

"ண்ணே, பால்காரன் ஓவர்டேக் பண்றான்!"

"அவன் ரேசுக்கா வரான்? உடு. பாய், நேத்து மீன் கொழம்புல புளி எவ்ளோ போட்டீங்க?"

வாரத்தில் அந்த ஒருநாள் மேம்பாலம். எட்டு முறை ஏறி, எட்டு முறை இறங்க வேண்டும். ஐந்தாவது முறை ஏறும்போது ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னா சார், எதுனா தொலச்சிட்டீங்களா?"

"வயச" என்றார் மெதுவாண்ணன். அன்றைக்கு முழுவதும் அவர் பேசியது அது ஒன்றுதான்.

தனியாகப் போகும்போதும் சோதனையை விடமாட்டார். சர்வீஸ் ரோட்டில் தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொண்டு போவார். லாரி கிளீனர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

பாய்க்குத்தான் அந்த யோசனை வந்தது. நெஞ்சில் பட்டை கட்டினால் இதயத் துடிப்பைக் கையில் காட்டுகிற வாட்ச். "இனிமே பேஜாரு இல்ல. நம்பர பாத்துக்கினு ஓட்டலாம்." எங்களுக்கு ஆளுக்கொன்று, மெதுவாண்ணனுக்கும் ஒன்று வாங்கினோம். அவருக்கு நல்லது செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டோம். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அவர் வாயை அடைக்க.

அவர் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோக்கா கீது" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் எதுவும் கேட்கவில்லை. நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து என்று மூன்று பேரும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே பழவேற்காடு போய் வந்தோம். செயின் சத்தம் மட்டும்தான். வீடு திரும்பியதும் காரணமில்லாமல் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. வாரம் பூராவும் கிரேன் கேபினில் உட்கார்ந்து, அவர் என்ன கேட்பார், என்ன சொல்லலாம் என்று நான் பதில் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே போனது. மூன்றாவது ஞாயிறு அவர் வரவில்லை. நான்காவதும் வரவில்லை. ரேசுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. திட்ட ஆளில்லாததால் நான் தினமும் மேம்பாலத்தில் ஏறி மிதித்தேன். வாட்ச் கத்தியது, நான் அதை மதிக்கவில்லை. முட்டி வலி வந்தது, வேகம் குறைந்தது. பேனர் மறுபடி வேனில் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

ஒருநாள் மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே பேச்சுச் சத்தம். விருந்தாளி போல என்று வாசலில் நின்றேன். பிறகு எட்டிப் பார்த்தேன். கூடத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி, சுவரைப் பார்த்து மிதித்துக்கொண்டே பேசுகிறார். "ரசத்துல மொளகு ஜாஸ்தியாயிட்ச்சி. நாளிக்கி கொறச்சிக்கலாம், இன்னா?"

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். வாட்ச் பெட்டியோடு அலமாரியில் இருந்தது.

"இன்னாண்ணே, ரெண்டு வாரமா ஆளக் காணோம்?"

"அதான் நம்பரு சொல்லிடுதே. நடுவுல நா எதுக்கு நைனா?"

மன்னிப்புக் கேட்கத் தெரிந்திருந்தால் என் குடும்பம் என்னோடு ஒரே வீட்டில் ஒழுங்காக இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. கோபமாகத்தான் வந்தது.

"அந்த வாட்ச் ஒருநாளாச்சும் எங்க மாமியார் ஊட்டு ஜன்னல கேட்டுச்சா?" என்று கத்தினேன்.

அவர் மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். பிறகு, "நாலுதான்னு நிச்சயமா தெரிமா?"

"தெரியாது."

"ஒருநாள் போய் எண்ணினு வா. ஞாயித்துக்கெழம ஆறு மணி. நாஷ்டா துண்ணாத வராத."

ரேஸ் அன்று அவரும் ஓட்டி, முன்வரிசை ஆட்களோடு எப்போதோ முடித்துவிட்டார். கடைசி வளைவில் திரும்பியபோது பேனர் தெரிந்தது. ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கக் கம்பத்தை மெதுவாண்ணன் கட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"என் ஆளு வந்துக்கினு கீறான்யா! மெதுவா அவுருங்க!"

தலையைக் குனிந்துதான் அதன் கீழே நுழைந்தேன். அவர் என் முதுகில் கையை வைத்தார். "எத்தினி ஜன்னலு?"

வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை.

"ஒரு வார்த்த வரல பாத்தியா? இன்னிக்கிதான் கரெக்டா ஓட்டிகீற."

அடுத்த வருடம் ஓய்வு பெற்று மகளிடம் ஓசூருக்குப் போய்விட்டார். போன் செய்தால் அரை நிமிடம்கூடப் பேசுவதில்லை. "போன்ல உன் மூச்சு தெர்ல நைனா, வச்சிடறேன்." பாய்க்கு முட்டி போய்விட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும்தான். சத்தமாகப் பேசிக்கொண்டே போகிறேன். கிளீனர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன மாதம் ஆர்.கே.பேட்டை போனேன். கதவைத் திறந்து, "இன்னாத்துக்கு வந்த?" என்றாள் மனைவி. "ஜன்னல் எண்ண" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன், எண்ணினேன், திரும்பி வந்தேன்.

அந்த ஞாயிறு பொன்னேரி தாண்டி, பால்காரர் என்னை முந்திப் போன பிறகு, மூச்சு வாங்காமல் முழுசாகச் சொன்னேன்:

"அஞ்சுண்ணே. சமையக்கட்டுல ஒண்ணு கீது. அத நா பாத்ததே இல்ல."