மார்லீஸ் தட்டாமல் எடுத்துப்போன முட்டை

அயல்நாட்டாருக்கு ருமேனிய மொழி கற்றுக்கொடுக்கும் புத்தகத்தைப் போட்ட ஐயா அவர்களுக்கு,

பிரூனெனி கிராமத்துச் சவேத்தா எழுதிக்கொண்டது. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்! "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று நீங்கள் இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்லிவிட்டு மேலே படிக்கவும். ஈஸ்டர் வாரத்தில் பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை. நானும் கோழிகளும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள், ஆனால் அந்த ஐந்தையும் ஒழுங்காகப் படித்தவள். ஆகவே இதில் பிழை இருந்தால் அது பேனாவின் பிழை.

உங்கள் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. என் மகன் சிமியோன் ஹாலந்தில் தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடாரத்தில் வேலை செய்கிறான். அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். பெயர் மார்லீஸ், ஆஸ்பத்திரி நர்ஸ். இவர்களுக்குப் பிறந்த என் பேத்தி ஆன்கா ஐந்து வயதிலேயே இரண்டு மொழியில் பொய் சொல்வாள், இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு குழந்தை கிடையாது. மார்லீஸுக்கு எங்கள் மொழி வராது. உங்கள் புத்தகத்தை வாங்கித்தான் படித்தாள். அதில் பண்டிகைகள் என்று ஒரு பாடம் போட்டிருக்கிறீர்களே, அதை அவள் வேதமாக எடுத்துக்கொண்டதில் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கடைசி நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஆட்டுக்கூத்து வந்தது. புத்தாண்டுக்கு முகமூடி போட்ட ஆடு வீடு வீடாக ஆடும், பாடும், காசு கொடுங்கள் என்று நீங்கள் எழுதியிருப்பது சரிதான், நான் குறை சொல்லவில்லை, ஆனால் நடுவில் ஆடு செத்து விழும், கிழவன் வேஷம் போட்டவன் ஒப்பாரி வைப்பான், பிறகு ஆடு எழுந்திருக்கும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் உங்கள் மை என்ன தீர்ந்தா போயிருக்கும்? ஆட்டுத்தோலுக்குள் தபால்காரன் இலியே இருந்தான். தொப்பென்று விழுந்தான். விழுந்ததுதான் தாமதம், மார்லீஸ் பாய்ந்துபோய் அவன் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்க ஆரம்பித்துவிட்டாள். ஆடு கத்துகிறது, "ஐயோ விடும்மா, நான் சாகல, சும்மா செத்திருக்கேன்!" இவளுக்கு அது புரியவில்லை, இன்னும் பலமாக அமுக்குகிறாள். சிமியோன்தான் இழுத்துப் பிடித்தான். இலியே ஒரு மாசம் தபால் பையை வலது தோளில்தான் மாட்டினான். என் கணவர் கிரிகோரே சிரித்துச் சிரித்து இருமல் வந்து படுத்துவிட்டார். "சவேத்தா, எனக்கு ஏதாச்சும் ஆனா டாக்டரக் கூப்பிடாத, இவளக் கூப்பிடு" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு அவள் என்றால் உயிர். காரணம் உண்டு. ரயில்பாதை வேலையில் ஒருமுறை அவர் ஓநாயைப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. அதை அவர் ஆரம்பித்தால் நான் கோழிக்குத் தீனி போடப் போய்விடுவேன், சிமியோன் செல்போனை எடுப்பான், பக்கத்து வீட்டுப் பின்திலியே தன் வீட்டு ஜன்னலையே சாத்துவான். மார்லீஸ் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உங்கள் புத்தகத்தில் உள்ள மாதிரியே, "இன்னொரு முறை. மெதுவாகச் சொல்லுங்கள், மாமா" என்பாள். நாற்பது வருஷமாக 'போதும் நிறுத்து' என்றே கேட்ட மனிதருக்கு ஒருத்தி வந்து 'இன்னொரு முறை' என்றால் எப்படி இருக்கும்? அந்த ஓநாய் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர்ந்தது.

போன ஈஸ்டருக்கு வந்தாள். பன்னிரண்டு டுலிப் பூ கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தாள். இரட்டைப்படையில் பூ செத்தவர்களுக்குத்தான் என்று உங்கள் பாடத்தில் எங்கே இருக்கிறது? அவர் ஒரு பூவை உருவி என் தலைத்துணியில் செருகி, "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு, மகளே" என்றார். எல்லாரும் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் முட்டையோடு முட்டை மோதித் தட்டினோம். சிவப்பு முட்டைகள், வெங்காயத் தோலில் வேகவைத்து நானே சாயம் ஏற்றியவை. பெரிய வியாழன் அன்று நான் சாயம் போட்ட முட்டை ஒரு வருஷம் ஆனாலும் கெடாது, அதை என் பெயரோடு நீங்கள் புத்தகத்தில் போட்டுக்கொள்ளலாம். கிரிகோரே என்னோடு தட்டினார், சிமியோனோடு தட்டினார், ஆன்காவோடு தட்டித் தோற்றார். வேலியோரப் பிளம் மரத்துக்காக முப்பது வருஷம் சண்டை போட்ட பின்திலியே கினிக்கோழி முட்டைக்குச் சாயம் போட்டு எடுத்துவந்து, அது கல் மாதிரி இருக்கும், எல்லார் முட்டையையும் உடைத்தான். கடைசியில் அவர் மார்லீஸ் பக்கம் திரும்பினார். இருப்பதிலேயே நல்ல முட்டையை, நான் மெழுகால் ஊசியிலைக் கிளை வரைந்த முட்டையை, அவள் கையில் கொடுத்து, தனக்கும் ஒரு புது முட்டை எடுத்து நீட்டி, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார். அவள் முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது மிகவும் அழகாக இருக்கிறது. நான் இதை உடைக்க மாட்டேன்" என்று கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் முட்டையை நீட்டியபடியே நின்றார். பிறகு தன் நெற்றியிலேயே தட்டி உடைத்து, உப்புத் தொட்டுத் தின்றார்.

உங்கள் பாடத்தில் என்ன இருக்கிறது? 'எவர் முட்டை உடையவில்லையோ அவரே வென்றவர். இது குழந்தைகள் விரும்பும் விளையாட்டு.' ஐயா, இது விளையாட்டா? யாரோடு ஈஸ்டர் முட்டை தட்டுகிறோமோ அவர்களைத்தான் மறு உலகத்தில் சந்திப்போம் என்று உங்கள் தாயார் உங்களுக்குச் சொல்லவே இல்லையா?

இலையுதிர் காலத்தில் அவர் போய்விட்டார். கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மார்லீஸ்கிட்ட முட்டை இருக்கு" என்றார். "அடுத்த ஈஸ்டருக்குத் தட்டிக்கலாம், கொஞ்சம் கஞ்சி குடி" என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. இப்போது பாருங்கள், அவர் அங்கே என்னைச் சந்திப்பார், பிள்ளையை, பேத்தியைச் சந்திப்பார், அந்தப் பின்திலியேயைக்கூடச் சந்தித்தே ஆகவேண்டும், பிளம் மரச் சண்டை அங்கேயும் நடக்கும். ஓநாய்க் கதை கேட்க மட்டும் ஆள் இருக்காது.

நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு மார்லீஸ் வந்தாள். செத்தவர் பெயரால் கொடுப்பதை வாங்கினால் நன்றி சொல்லக்கூடாது, கோப்பையை இடிக்கவும் கூடாது. அவளோ கோப்பையைத் தூக்கி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, "நல்லதே நடக்கட்டும்!" என்று பாதிரியார் கோப்பையில் இடிக்கப் போனாள். அவர் கோப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பின்திலியே பெண்சாதி, "படிச்ச பொண்ணாமே, அங்க இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களோ?" என்று முணுமுணுத்தாள். கையை உயர்த்தியபடி தனியாக நிற்கிறாள் பிள்ளை, முகம் சிவந்துபோச்சு. நான் என்ன செய்வேன், எழுந்துபோய் என் கோப்பையால் இடித்தேன். "இந்த வீட்டுல இப்படித்தான்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

இந்த ஈஸ்டருக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் விடுப்பு கிடைக்கவில்லை, யாரும் வரவில்லை. முட்டை விஷயத்தை நான் என் வாயால் அவளிடம் எப்படிச் சொல்வேன்? உன் மாமாவை இனி எந்த உலகத்திலும் பார்க்கமாட்டாய் என்று எந்த வாய் சொல்லும்? ஆகவே ஐயா, அடுத்த பதிப்பில் அந்தப் பாடத்தைத் திருத்துங்கள். விளையாட்டு என்பதை அடித்துவிட்டு விஷயத்தை எழுதுங்கள், புத்தகம் ஒன்றை அவளுக்கு அனுப்புங்கள். நீங்கள் சொன்னால் பாடம், நான் சொன்னால் பழி.

உங்கள் வீட்டு ரொட்டி கருகாமலும் உங்கள் பிள்ளைகள் தூரதேசம் போகாமலும் கடவுள் காக்கட்டும். சாயம் போட வெங்காயத் தோல் கொஞ்சம் உறையில் வைத்திருக்கிறேன். தபாலில் திருடுபவர்களுக்கு அது உதவாது.

இப்படிக்கு,
கிரிகோரேயின் மனைவியும் ஆன்காவின் பாட்டியுமான சவேத்தா

பின்குறிப்பு: பண்டிகை வாரம் என்று தபால் நிலையம் பூட்டிக் கிடந்ததால் இது போகாமல் மேசையிலேயே கிடந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று. புத்தகத்தில் எதையும் திருத்த வேண்டாம்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை எங்களூரில் இறந்தவர்களுக்கு ஈஸ்டர், எல்லாரும் கல்லறைக்குச் சாப்பாடும் சிவப்பு முட்டையும் கொண்டுபோவோம். நான் கிரிகோரேயின் சிலுவை முன்னால் துணி விரிக்கும்போது பஸ்ஸிலிருந்து மார்லீஸ் தனியாக இறங்கி வருகிறாள். பையிலிருந்து கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்தாள், அதற்குள் அந்த முட்டை, என் ஊசியிலைக் கிளை அப்படியே இருந்தது.

"மாமா கடைசியாகத் தொலைபேசியில் சொன்னார், அத்தை. நான் மூன்று முறை கேட்டேன். பிறகு புரிந்தது" என்றாள். அவர் சொன்னதை அவர் குரலிலேயே ஒப்பித்தாள். "உடைக்காம வச்சிரு மகளே, செத்தவங்க ஈஸ்டருக்கு எங்கிட்ட கொண்டு வா. இல்லேன்னா அங்க நான் உன்ன எப்படித் தேடுவேன், எனக்கு உங்க மொழி தெரியாது. சவேத்தாகிட்ட சொல்லாத, பழைய முட்டைன்னு தூக்கிப் போட்டுருவா."

அவள் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று சொல்லிச் சிலுவையில் தட்டினாள். ஐயா, மேலே கெடாது என்று எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். பாதிரியார் தூபக்காலோடு வேலி வரை ஓடினார். பின்திலியே மூக்கைப் பொத்திக்கொண்டு, "கிரிகோரே, உன் மருமக குண்டு போட்டுட்டாடா!" என்று கண்ணீர் வழியச் சிரித்தான். சிரிப்பில் வந்த கண்ணீர்தானா என்று நான் கேட்கவில்லை.

மார்லீஸ் மட்டும் நகரவில்லை. மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் என்ற பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நான் ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து, சிலுவையிடம் சொன்னாள்: "இன்னொரு முறை. மெதுவாகச் சொல்லுங்கள், மாமா."