ஏழு சாவிகளை அழிக்கச் சொல்லி அத்தானுக்கு

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். வாண்டு தூங்கிய பிறகுதான் எனக்கு இரண்டு கையும் கிடைக்கிறது. நீங்களும் அக்காவும் சௌக்கியம் என்று நானே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். என் வேலையை நிரந்தரமாக்குவதா, என்னை வீட்டுக்கு அனுப்புவதா என்பது நாளைக் காலை பத்து மணிக்கு முடிவாகிறது. இவருக்கு வேலை போய் நான்கு மாதம் ஆவது உங்களுக்குத் தெரியும்.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைய ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் சாவிகளின் கிடங்கு உங்கள் பொறுப்பில் இருப்பதால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச உதவும் நம் லைப்ரரி புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் இருக்கிற சாவி வர வேண்டும். அப்படி ஒரு பெயரே இல்லையென்றால் புதுச் சாவி உண்டாக வேண்டும், அவ்வளவுதான். யாருக்கும் இல்லாத பெயராக வேண்டுமே என்று மடியிலிருந்த வாண்டிடம், "ஒரு பேர் சொல்லுடி" என்றேன். "தலகாணி." "இன்னொண்ணு?" "ஈரத்துண்டு." இப்படி ஏழு. ஏழும் பாஸ். டெஸ்டுக்கென்று வைத்த போலிக் கிடங்குக்குப் பதில், ஒற்றைக் கையால் டைப் அடித்ததில் நிஜக் கிடங்கைக் கொடுத்துவிட்டேன் என்பது, மறுநாள் ஈரத்துண்டுக்கு நல்வரவு சொல்லி மெயில் வந்தபோதுதான் உறைத்தது, நம் ஆபீசில்தான் சாவி இருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தமாயிற்றே, அதற்குள் டீம் லீட் போன் போட்டு, "யாரும்மா அந்தத் தலகாணி? மீட்டிங்ல பேரு மட்டும் தெரியுது, வாயே தொறக்கல" என்றார், நான் பயத்தில் "கூச்ச சுபாவம் சார்" என்று உளறிவிட்டேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. "குறுக்க பேசாத ஆளு டீம்லயே அது ஒண்ணுதான்"னு என் வேலையில் பாதியை அதுக்குத் தூக்கிக் கொடுத்துட்டார், அதையும் ராத்திரி உட்கார்ந்து நான்தான் செய்கிறேன், வாண்டுக்குத் தடுப்பூசி போட அரை நாள் லீவு கேட்டால், "தலகாணி லீவு கேக்குதா பாரு"ங்கிறார். இவரிடம் சொல்லி அழுதால், "அது மேல படுத்து அழாத, காலைல ஆபீஸ் இருக்குல்ல அதுக்கு" என்கிறார்.

அத்தான், பத்து மணிக்குள் அந்த ஏழு சாவிகளையும் அழித்துவிடுங்கள். விஷயம் வெளியே தெரிந்தால் நான் தொலைந்தேன். அக்காவிடம்கூட மூச்சு விடாதீர்கள். சொன்னால் நேரில் வந்து சிரிப்பாள். அவளுக்கு என் அன்பும் வாண்டின் எச்சில் முத்தமும்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தியாள்

பி.கு.: கடிதத்தை முடிப்பதற்குள், பத்து மணிவரைகூடக் காத்திராமல் முடிவு மெயிலில் வந்துவிட்டது. நிரந்தரமானது தலகாணிக்கு. எனக்கு இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போட்டு, அதுவரை தலகாணியிடம் வேலை கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற ஆறையும் அழியுங்கள், அதை மட்டும் தொட்டுவிடாதீர்கள். இந்த வீட்டில் வேலை நிலைத்தது அது ஒன்றுக்குத்தான். சீக்கிரம் பதில் போடுங்கள்.