வர்த்தகச் சட்டமும் பத்திநாதன் வயிற்றெரிச்சலும்

"அங்க என்னடா பேச்சு, அரை மணி நேரமா?"

திங்கட்கிழமை காலை. வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார் கிளார்க் பத்திநாதன். பள்ளிக்கூடத்து வாசலில் டோரீன் டீச்சர் தடிப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்திருந்தாள். எதிரே, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரின் மகன் றோலண்ட், டை கட்டிக்கொண்டு நின்றான். கொழும்புச் சட்டக் கல்லூரி மாணவன். லீவுக்கு வந்திருந்தான்.

"வர்த்தகச் சட்டமாங்கய்யா" என்றான் தபால்காரன் கந்தப்பன்.

"டீச்சருக்கு எதுக்குடா வர்த்தகச் சட்டம்? வட்டவளையில கம்பெனி தொறக்கப் போறாளா?"

பத்திநாதனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா? 'என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா?' என்று சனிக்கிழமைதான் டோரீனுக்குக் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, பதினோராவது தாளில் தேறிய கடிதம். பதிலே இல்லை.

இந்தப் பயல் கொழும்புக்குப் போனதும் இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொள்வார்கள் என்று தோன்றியது. தோட்டத்துத் தபால் பை அவர் அதிகாரத்தில்தானே இருக்கிறது?

"கந்தப்பா, இன்னையிலிருந்து டீச்சர் குடுக்கிற கடுதாசி எதுவும் உன் பைய விட்டு வெளிய வரக்கூடாது."

"எதுவுமாங்க?"

"எதுவுந்தான்! எங்கிட்ட வந்து கேள்வி கேக்காதே."

செவ்வாய், புதன் போயிற்று. பதிலைக் காணோம். பள்ளிக்கூடத்து வாசலில் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் பேனாவை எடுத்தார். 'என் வேண்டுகோளை வாபஸ் பெறுகிறேன். தங்களுக்குத்தான் வக்கீல் கிடைத்துவிட்டாரே.' கந்தப்பன் அதை உடனே கொண்டுபோய்க் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் டீச்சர் சிவந்த கண்ணோடு றோலண்ட் வீட்டுக்குள் போவதைப் பத்திநாதன் பார்த்தார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் றோலண்ட் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, எனக்குப் பரீட்சை வருது. டீச்சர்தான் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டு என்னைப் படிக்க வைக்கிறாங்க. வியாழக்கிழமை ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க! ஒருத்தர் சம்மதமான்னு எழுதிக் கேக்குறாரு. மத்தவங்க சம்மதம்னு எழுதித் தபால்ல சேர்த்துடுறாங்க. அதுக்கப்புறம் கேட்டவரு வேண்டாம்னு எழுதுறாரு. செல்லுமா?"

"செல்லுமா?" என்றார் பத்திநாதன், கடுப்போடு.

"செல்லாதுண்ணே. தபால்ல சேர்த்ததுமே ஒப்பந்தம் முடிஞ்சுது. ஆனா அந்த ஆளு பாவம், தெரியாமப் பண்ணியிருப்பாரு. விட்டுரலாம்னு சொன்னேன்."

டோரீன் அருகில்தான் நின்றாள். அவள் முன்னால் இந்தப் பயலுக்கு ஆமாம் போடுவதா?

"என்ன சட்டம் படிச்சே நீ? எப்படி விடுறது?" என்று கத்தினார் பத்திநாதன். "அவனெல்லாம் ஒரு மனுசனா? காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்து, எழுதினபடி நடந்துக்கடான்னு சொல்லணும்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வியாழக்கிழமைக்குப் பிறகு டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தாள். கந்தப்பன் தயங்கித் தயங்கி முன்னால் வந்து பைக்குள் கையை விட்டான்.

"அப்போ, திங்கக்கெழம சாயங்காலம் டீச்சரு 'கிளாக்கரையா கையில குடு'ன்னு தந்த கடுதாசிய இப்பவாச்சும் குடுத்துறலாங்களாய்யா?"