வள்ளியம்மையை ஸ்டோருக்கு அனுப்பியது செல்லாது

மேமலைத் தோட்டம், கீழ்ப் பிரிவு,
ஹாலிஎல.
திங்கட்கிழமை, மாலை.

'பதுளைத் தூதன்' வாரப் பத்திரிகையின் ஆசிரியர் கனம் ஸரூக் அவர்களின் மேலான கவனத்துக்கு,

மேற்படி தோட்டத்தில் முப்பத்து நான்கு வருடம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டி, சென்ற வருடம் ஓய்வு பெற்ற சாரதி பொன்னையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சு மெஷினும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் பத்திரிகையில் முப்பத்தெட்டு வாரமாக வந்துகொண்டிருக்கும் 'விண்படை வள்ளியம்மை' என்ற தொடர்கதையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் கதை வாசிக்கிற ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஜெயலெட்சுமிக்காகத்தான் பத்திரிகை வாங்குகிறேன். அவள் சமைத்துக்கொண்டிருக்கும்போது நான் சத்தமாக வாசிப்பேன், அவள் கேட்பாள். எனக்கும் அந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான்.

எத்தனையோ வேலைக்கு நடுவில் தாங்கள் கதையை மறந்திருப்பீர்கள். வள்ளியம்மை சனிக்கிரகத்தைச் சுற்றும் ஒரு நிலவில் பிறந்தவள். அங்கே பனிக்கட்டிச் சுரங்கம், சுரங்கத்துக்குப் பக்கத்தில் எங்களுடையதைப் போல வரிசை வீடுகள் கொண்ட லயம், கூரைக்குப் பதிலாகக் கண்ணாடி. பத்தொன்பது வயதில் கப்பலுக்குப் பனிக்கட்டி ஏற்றிக்கொண்டிருந்தவள், ஓட்டுகிறவன் மயங்கி விழுந்ததும் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, அதுவரை தொட்டே பார்த்திராத கப்பலைப் பத்திரமாக இறக்கினாள். கரும்படைக்காரர் நிலவுகளைப் பிடிக்க வந்தபோது விண்படையில் சேரப் போனாள். பனிக்கட்டி தூக்கிய கைக்குப் போர்க்கப்பல் சரிவராது என்று தளபதி திருப்பி அனுப்பினார். அவள் வாசலிலேயே பதினொரு நாள் உட்கார்ந்து, பன்னிரண்டாம் நாள் உள்ளே போனாள். எரிகல் கூட்டத்துக்குள் புகுந்து ஐந்து எதிரிக் கப்பலை வீழ்த்தினாள். தப்பி ஓடுகிற குடும்பங்கள் இருந்த கப்பலைச் சுடச் சொன்னபோது விசையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அதற்காக மூன்று மாதம் சிறையில் கிடந்தாள். வெளியே வந்து பன்னிரண்டு கப்பலுக்குத் தலைவியானாள். இப்படிப்பட்டவளை முப்பத்தெட்டாம் வாரத்தில் என்ன செய்தீர்கள்? இடது கை உடைந்து ஆஸ்பத்திரிக் கப்பலில் கிடக்கிறவளிடம் ஒரு டாக்டர் வந்து, "இதுவரை செய்தது போதும், இனி ஸ்டோரில் கம்பளி கொடுக்கிற வேலையைப் பாருங்கள்" என்கிறார். அதற்கு அவள், "சரி" என்கிறாள்.

அந்த 'சரி'யைப் பற்றித்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்ட இப்போது ஆளில்லை. எனக்குப் பின்னால் வந்த மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக எல்ல டவுனுக்குப் போய், வெள்ளைக்காரர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரிகிறார்கள். வாடகை டிராக்டர் வந்தால் கொழுந்து பெக்டரிக்குப் போகும், வராவிட்டால் சாக்கிலேயே வெந்து கறுக்கும். மூன்றாவது ஆளும் விட்டுப் போன அந்த வாரத்தில்தான் வள்ளியம்மை முதன்முதலாகக் கப்பலை இறக்கினாள். நான் வாசித்து முடித்ததும் ஜெயலெட்சுமி சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள், "நான் லொறி பழகப் போறேன்." அவளுக்கு நாற்பத்தாறு வயது, இருபத்தேழு வருடம் கொழுந்து எடுத்தவள். நான் சிரித்தேன். அது தப்பு என்று மூன்று நாள் பிளேன்டீ கிடைக்காதபோது தெரிந்துகொண்டேன்.

ஹாலிஎலவில் மரக்கறி வியாபாரம் செய்யும் றிஸாத், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகிற நேரத்தில் தன் வேனைத் தந்து உதவினார். முதல் வெள்ளிக்கிழமை அவள் வேனைப் பின்னால் எடுத்து டிஸ்பென்சரி வேலியைச் சாய்த்தாள். இரண்டாவது வெள்ளிக்கிழமை ஏற்றத்தில் வேனை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள், ஆனால் பின்கதவு திறந்துகொண்டு உள்ளே இருந்த முட்டைக்கோவா எல்லாம் தோட்ட மேனேஜரான பெரிய தொரையின் பங்களா வரைக்கும் உருண்டு போய்விட்டது, நாங்கள் இருவரும் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது பெரிய தொரையே ஒரு கோவாவைக் கையில் எடுத்துவந்து, "பொன்னையா, இது ஒங்களோடதா?" என்று கேட்டார், முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு கொழுந்துச் சாக்கைக்கூடக் கீழே விடாத நான் "ஆமாங்க" என்று தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். நான் பக்கத்து ஆசனத்தில் இருந்து, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத்தான் இந்த முழங்கால் போனது. "நீங்க கத்துறதுனாலதான் எனக்குத் தடுமாறுது," என்றாள். "வள்ளியம்மைக்குப் பக்கத்துல யாராச்சும் கத்துனாங்களா?" என்றாள்.

அது நியாயமான கேள்வி என்று பட்டது. அதன்பிறகு கத்தவில்லை. வேட்டித் தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வாரத்தில், எரிகல்லுக்கு நடுவே வள்ளியம்மை வளைவில் வேகத்தைக் கூட்டினாள் என்று போட்டிருந்தீர்கள். உடனே தபாலட்டை அனுப்பினேன். வளைவு வருமுன் கியரைக் குறைக்க வேண்டும், பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது, எங்கள் பெக்டரி ரோட்டில் பதினேழு வளைவு இருக்கிறது, சந்தேகம் இருந்தால் வந்து பார்க்கவும் என்று எழுதினேன். பதினான்காம் வாரத்தில் வள்ளியம்மை வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்தாள். யாரும் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தப் போரில் அவள் உயிரோடு திரும்பியதில் என் பங்கும் இருக்கிறது என்பதைத் தாங்கள் மறுக்க முடியாது.

வள்ளியம்மை சிறையில் இருந்தபோது ஜெயலெட்சுமி பதுளையில் லைசன் ட்ரயலில் பெயில் ஆனாள். வள்ளியம்மை தலைவியான வாரத்தில் இவள் ட்ரயல் பாஸ். லைசனைக் கையில் வைத்துக்கொண்டு லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் நடந்தாள். பிறகு ஆபீசுக்குப் போய், லொறி ஓட்டுகிற வேலைக்குக் கடிதம் கொடுத்தாள். கடிதம் மேசைமேல் ஐந்து வாரம் இருந்தது. சென்ற சனிக்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற நேரத்தில், எல்லார் முன்னாலும் சின்னத் தொரை தங்கள் பத்திரிகையை விரித்துக் காட்டினார்.

"ஜெயலெட்சுமி, பேப்பர் பாத்தீங்களா? அந்தக் கதையில வர்ற பொம்பளயே ஸ்டோருக்குப் போயிட்டா. நீங்க பிள்ளக்காம்பராவுல போய்ப் புள்ளைங்கள பாத்துக்கங்க. நெழல்ல வேல."

எல்லாரும் சிரித்தார்கள் என்று பக்கத்து வீட்டு ரெங்கம்மா வந்து சொன்னாள். ஜெயலெட்சுமி கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாளாம். பிள்ளைகளைப் பார்க்கிற வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை, என்னையும் ஒரு பிள்ளைக்காம்பராவில்தான் வளர்த்தார்கள். ஆனால் கேட்டது அது இல்லையே, ஐயா.

ஆகவே இன்று காலை, இந்த முழங்காலோடு, பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போனேன். கதை எழுதுகிற ஷப்ராஸ் அங்கே மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறார் என்று தங்கள் ஆபீசில்தான் சொன்னார்கள். வெள்ளைத் தாடி வைத்த ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். முப்பது வயதுகூட இருக்காது.

"தம்பி, வள்ளியம்மைய எழுதுறது நீங்கதானா?"

கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். "ஓம் ஐயா. ஏதும் பிழை ஈக்கா?"

"பிழை இல்ல தம்பி, துரோகம்."

அவர் முகம் வாடிவிட்டது. எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டு, பக்கத்துக் கடையில் டீ சொல்லிவிட்டு, "ஐயா, நான் அவள ஸ்டோருக்கு அனுப்பல்ல," என்றார். "நாப்பதாம் வாரத்தோட முடிங்கன்னு எடிட்டர் செல்லிட்டாரு. ராசிபலன் போட எடம் வேணுமாம்."

"கைய ஒடச்சது யாரு?"

"அது நான்தான்."

"அப்ப அந்த 'சரி'?"

"அது எடிட்டர் போட்டது. நான் எழுதினதுல அவ டாக்டருக்குப் பதிலே சொல்லல்ல."

மேசை லாச்சியைத் திறந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்துக் காட்டினார். அதில் அறுபதாம் வாரம் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார். வாசிக்கக் கேட்டேன். தரமாட்டேன் என்றார். எடிட்டர் பார்க்குமுன் யாருக்கும் காட்டுவது முறையில்லை என்றார். தன்னை வெட்டுகிறவருக்கே இவ்வளவு மரியாதை கொடுக்கிற பிள்ளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆக, வள்ளியம்மையைச் சுட்டு வீழ்த்தியது கரும்படை இல்லை, கனம் ஆசிரியரே. தாங்கள்.

உடைந்த கையோடு எப்படி ஓட்டுவாள் என்று தாங்கள் கேட்கலாம். லொறி ஓட்டாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முன், அடைமழையில், முழு லோட் கொழுந்தோடு இறங்கும்போது பாதையில் மண் சரிந்து கிடந்தது. இறங்கிக் கல்லைப் புரட்டினேன், கல் திரும்பி என் இடது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஸ்டியரிங்கை வலது கையால் பிடித்தேன், கிளீனர் பக்கத்தில் இருந்து கியரைப் போட்டான். "ரெண்டு", "ஒண்ணு" என்று நான் கத்தக் கத்த அவன் போட்டான். பதினேழு வளைவையும் அப்படியே இறங்கினோம். கொழுந்தை இறக்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "சரி" என்று சொல்லி லொறியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். சொல்லவில்லை. வள்ளியம்மைக்கும் பக்கத்தில் கியர் போட ஒரு ஆளைக் கொடுங்கள், அவள் இறங்குவாள்.

எனவே வரும் இதழில் வள்ளியம்மை தன் கப்பலில் உட்கார்ந்திருக்க வேண்டும். ராசிபலனை எங்கே போடுவது என்பது தங்கள் பாடு. அவள் ஸ்டோரில் கம்பளி மடித்துக்கொண்டிருந்தால், முப்பத்தொன்பதாம் வாரத்தை நானே சொல்லிவிடுவேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெட்டி மேல் ஏறி நின்று, நாலு டிவிஷன் ஆட்களும் கேட்கிற மாதிரி சொல்வேன். எனக்கு இலக்கணம் வராது, குரல் வரும். அதற்குத் தாங்கள் வழக்குப் போடுவதானால் மேலே விலாசம் இருக்கிறது.

பண்டாரவளையிலிருந்து வந்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். ஜெயலெட்சுமி சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கறி வைக்கவில்லை. மனசு உடைந்தவளைப் போல் இருக்கிறாள். தங்களுடைய ஒரு 'சரி' ஒரு வீட்டில் என்ன செய்யும் என்று தாங்கள் நேரில் வந்து பார்த்தால் தெரியும்.

தங்கள் வீட்டில் சுகம் குறையாமலும், மெஷினில் மை வற்றாமலும், கதைக்கு நடுவில் தங்கள் கை வராமலும் இருக்க வாழ்த்தி, கோபம் ஆறாமல் நிறுத்திக்கொள்ளும்,

மு. பொன்னையா
சாரதி (ஓய்வு பெற்றாலும்)

பி.கு. செவ்வாய்க்கிழமை காலை.

ஐயா, நான் ஜெயலெட்சுமி. இதத் தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு. ஒட்டுறதுக்கு முன்னால வாசிச்சேன். நேத்து அவரு பண்டாரவளை போயிருந்தப்ப வாடகை டிராக்டர் வரல. கொழுந்து சாக்குல சூடேறிக் கெடக்கு. பெரிய தொரை வந்து, யாருக்கிட்ட லைசன் இருக்குன்னு கேட்டாரு. ரெங்கம்மா என்னயப் பிடிச்சு முன்னால தள்ளிட்டா. நான் லொறிச் சாவியக் கேட்டேன், குடுத்தாரு. மூணு தரம் பெக்டரிக்குப் போய் வந்தேன். இன்னக்கும் போறேன். சின்னத் தொரை வழிய விட்டு ஒதுங்கி நின்னாரு. எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லலாம்னு காத்திருந்தேன், வந்ததும் வராததுமா பேனாவ எடுத்துட்டாரு. எனக்கு மனசு ஒடயல ஐயா, ரெண்டு தோளும் வலி, கண்ண மூடினா வளைவா வருது.

இன்னொண்ணு. அந்தக் கதைய நான் நாலாவது வாரத்தோட விட்டுட்டேன். அவரு வாசிப்பாரு, நான் ம் கொட்டுவேன். லொறி ஆசை எனக்குக் கதையால வந்தது இல்ல. மழையில கொழுந்தோட நிக்கிறப்ப அவரு லொறி மேட்டுல ஏறி வர்றதப் பாத்துப் பாத்து வந்தது. அத அவருகிட்ட நான் சொன்னதில்ல.

ஆனாலும் அந்தப் பொம்பளயத் திரும்பப் பறக்க விடுங்க. சிறையில போட்ட வாரம் இவரு ரெண்டு வேள சாப்பிடல. லொறிய விட்ட பொறகு இவரு ஓட்டுறதுக்கு அந்தக் கப்பல் ஒண்ணுதான் இருக்கு.

நான் எழுதினது அவருக்குத் தெரிய வேணாம். பதிலை அவரு பேருக்கே போடுங்க.