லெவல் ஒன் சமீருல்லா

ஆம்பூரிலிருந்து குதிரை சவாரி பூட்ஸ் ஒரு ஜோடி வெளிநாடு போகவேண்டுமானால் அது முதலில் சமீருல்லாவின் கண்ணைத் தாண்டியாகவேண்டும். கம்பெனியில் அவர் குவாலிட்டி கன்ட்ரோல் மேனேஜர். தையல் ஒரு நூல் விலகியிருந்தால் போதும், சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிடுவார். ஒட்டினால் ஒட்டியதுதான். முதலாளியே கெஞ்சினாலும் பூட்ஸ் திரும்பவும் மிஷினுக்குத்தான் போகும்.

வாரம் முழுக்க இப்படிக் கம்பெனியைக் காப்பாற்றுகிறவர், ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டைக் காப்பாற்றக் கிளம்பிவிடுவார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார் என்றால் மனைவி பில்கிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். "சப்பாத்தி இந்த ஓரத்துல தடிப்பு ஜாஸ்தி." "டப்பாவெல்லாம் ஏன் சைஸ்வாரியா இல்ல?" ஒருமுறை திரைச்சீலையில் ஸ்டிக்கரே ஒட்டினார். அன்று வந்திருந்த பக்கத்து வீட்டு சவுரியம்மாளும் முந்தானையில் ஓர் அம்புக்குறியோடுதான் வீடு போய்ச் சேர்ந்தாள்.

இப்பேர்ப்பட்டவரை ஒரு ஜெர்மன்காரர் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டார். சரக்கு பார்க்க வந்தவர் பூட்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இதைச் செக் பண்றீங்களே, குதிரை ஏறுவீங்களா?" என்று கேட்டார்.

சமீருல்லா மாட்டுத்தோல் பார்த்திருக்கிறார். ஆட்டுத்தோல் பார்த்திருக்கிறார். குதிரையைக் கல்யாண ஊர்வலத்தில்தான் பார்த்திருக்கிறார், அதுவும் தள்ளி நின்று. இருந்தாலும், "ஓ, ரெகுலரா!" என்று சொல்லிவிட்டார்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பில்கிஸ், நான் குதிரை கத்துக்கப் போறேன்."

"இன்னாது?"

"குதிரை. கணியம்பாடி பக்கத்துல ஒரு ஸ்கூல் இருக்குது. ஞாயித்துக்கிழமை கிளாஸ்."

"என் ஸ்கூட்டியில பின்னால உக்காந்தாலே கண்ணை மூடிக்கிறீங்க."

"அது நீ ஓட்டுறதால."

"இடுப்பு தாங்குமா?"

"அதெல்லாம் தாங்கும். நீ தடுத்தாலும் நான் நிக்கமாட்டேன்."

பில்கிஸ் கொஞ்சம் யோசித்தாள். "காலையில எப்போ கிளம்பணும்?"

"விடிகாலை ஃபஜர் தொழுதுட்டு கிளம்பினா, திரும்பி வர மதியம் லுஹர் ஆயிடும்."

"எல்லா ஞாயித்துக்கிழமையுமா?"

"எல்லா ஞாயித்துக்கிழமையும்."

"சரி, போய்ட்டு வாங்க."

சமீருல்லாவுக்குப் பெரிய ஏமாற்றம். சண்டை வரும் என்று நாலு பதில் தயார் செய்து வைத்திருந்தார். நாலும் வீண். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் மறுபேச்சில்லாமல் சம்மதித்தது இதுதான் முதல் தடவை. ஏறுவதற்கு முன்பே குதிரை மரியாதையைக் கொண்டுவந்துவிட்டது என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

பள்ளியை நடத்தியவர் சம்பூர்ணம் என்ற அம்மா. குரலை உயர்த்தாமலே குதிரையையும் நிறுத்துவார், குதிரைமேல் இருக்கும் ஆளின் வாயையும் நிறுத்துவார்.

"சார், லெவல் ஒன்ல குதிரையை நீங்களே நடத்தணும், திருப்பணும், நிறுத்தணும். லெவல் டூ டிராட். குதிரை குலுங்கிக் குலுங்கி ஓடும், நீங்க அந்தத் தாளத்துக்கு எழுந்து எழுந்து உக்காரணும். லெவல் த்ரீ பாய்ச்சல். லெவல் ஃபோர்ல கட்டை தாண்டணும்."

"நேரா த்ரீயில சேந்துக்கலாமா? நமக்கு இந்த ஃபீல்டு பழக்கம்தான்."

சம்பூர்ணம் அவர் கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார்.

ஜாங்கிரி என்ற வயதான பெண்குதிரையைத் தேய்த்துவிடுவதில் முதல் கிளாஸ் போயிற்று. அதன் குளம்பில் ஒட்டிய லத்தியைச் சுரண்டுவதில் அடுத்த கிளாஸ் போயிற்று. அதற்கடுத்த வாரம் ஏறினார். ஏறின வேகத்தில் அந்தப் பக்கமாக இறங்கியும் விட்டார். ஜாங்கிரி தலையைத் திருப்பி மேலும் கீழும் பார்த்தது. கையில் ஸ்டிக்கர் இருந்திருந்தால் ஒட்டியிருக்கும்.

ஆனால் மனுஷன் விடவில்லை. மழையிலும் போனார், வெயிலிலும் போனார். நடத்தவும் திருப்பவும் நிறுத்தவும் நன்றாகவே வந்துவிட்டது. கூடச் சேர்ந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக லெவல் டூவுக்குப் போய்க் கையசைத்தார்கள். சமீருல்லாவுக்கு மட்டும் ஒவ்வொரு டெஸ்டிலும் ஏதாவது ஒரு குறை.

"தோள்ல இறுக்கம் இருக்கு சார்."

"போன தடவை முதுகுன்னு சொன்னீங்களே?"

"முதுகு சரியாயிடுச்சு. இப்போ தோளு."

அடுத்த தடவை பார்வை சரியில்லை. அதற்கடுத்த தடவை எல்லாம் சரி, "ஆனா பக்குவம் வரணும் சார்" என்றார் சம்பூர்ணம். பக்குவத்தை எந்த ஸ்கேலால் அளக்கிறார்கள் என்று சமீருல்லாவுக்குப் புரியவில்லை. வாழ்நாளெல்லாம் ரிஜெக்ட் போட்டவருக்கு, ரிஜெக்ட் ஆகிறவனின் ராத்தூக்கம் எப்படிப் போகும் என்பது மட்டும் புரிந்தது.

இதையெல்லாம் வீட்டில் சொல்ல முடியுமா?

"எது வரைக்கும் வந்துதுங்க?" என்பாள் பில்கிஸ்.

"லெவல் டூ முடிஞ்சுது."

"மாஷா அல்லா!"

கொஞ்ச நாள் கழித்து லெவல் த்ரீயும் முடிந்தது, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்.

"பாய்ச்சலா? பயமா இல்லையா?"

"காத்து மாதிரி போகும். உனக்குச் சொன்னாப் புரியாது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு மீன் துண்டை அவர் தட்டில் வைப்பாள். மதியம் அவர் திரும்பும் நேரத்துக்கு சவுரியம்மாளும் தெருப் பெண்கள் சிலரும் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போவார்கள். உள்ளே டீ கிளாஸ்களும் சமோசாத் தட்டுகளும் கிடக்கும். குதிரை வீரனைப் பார்க்க வந்து காத்திருந்து போகிறார்கள் போல என்று எண்ணி, சமீருல்லா நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்துவார்.

இந்த நிமிர்ந்த நெஞ்சில்தான் மச்சினன் முஜாஹித் வந்து முட்டினான். பில்கிஸின் தம்பி. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. உறவுக்கூட்டம் மொத்தமும் கூடியிருக்கும்போது சொன்னான்.

"மச்சான், ஊர்வலத்துக்கு உங்க ஸ்கூல்லயே ரெண்டு குதிரை பேசிட்டேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. லெவல் த்ரீ ஆளு பக்கத்துல வந்தா எனக்கு இன்னா பயம்?"

எல்லாரும் கைதட்டினார்கள். பில்கிஸ்தான் பலமாகத் தட்டினாள்.

கல்யாணத்தன்று காலையில் சமீருல்லாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கட்டிலில் கிடந்து முனகினார்.

"பில்கிஸ், அசைய முடியல."

"அய்யோ பாவம். அசையாதீங்க. கஞ்சி வச்சுட்டுப் போறேன்."

"கஞ்சியா? பிரியாணி?"

"பந்தியில உக்காரணுமே. இடுப்பு தாங்காது."

"பார்சல் கட்டி..."

"நோய்க்காரருக்குப் பிரியாணியா? நான் அப்டி கொடுமைக்காரி இல்லீங்க."

கஞ்சியின் வாசனை எட்டியதும் இடுப்பு சரியாகிவிட்டது.

மாலையில் பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் கிளம்பியது. முஜாஹித்தின் குதிரையைச் சம்பூர்ணமே பிடித்துக்கொண்டார். ஜாங்கிரியின் கயிற்றைப் பிடிக்கவும் ஓர் ஆள் வந்தான். "லெவல் த்ரீ ஆளுக்குக் கயிறு எதுக்குப்பா?" என்று முஜாஹித் அவனை விரட்டிவிட்டான். சமீருல்லா சேணத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். தெருவின் இரண்டு பக்கமும் அவருடைய கம்பெனி ஆட்கள்.

மண்டபம் கண்ணில் தெரிந்தபோது, டிரம்பெட்காரர் உற்சாகம் தாங்காமல் ஜாங்கிரியின் காதுக்குள்ளேயே ஊதினார்.

ஜாங்கிரி ஓடியது. குலுங்கிக் குலுங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, மண்டப வாசலில் தட்டேந்தி நின்ற பெண்களை நோக்கி ஓடியது. யாரோ அலறினார்கள். சமீருல்லாவுக்கு அலறக்கூட வரவில்லை. ஆனால் அவருக்கே தெரியாமல் குதிகால் கீழே போயிற்று. தோள் தளர்ந்தது. பார்வை நேராயிற்று. உடம்பு தாளத்துக்கு எழுந்து உட்கார்ந்தது, எழுந்து உட்கார்ந்தது. வாசலுக்கு முன்னால் மெல்ல இழுத்தார். ஜாங்கிரி பூப்போல நின்றது.

விசில் வானத்தைப் பிளந்தது. கம்பெனி ஆட்கள், "சார்! சார்!" என்று கத்தினார்கள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லாமல் பில்கிஸ் ஓடி வந்தாள். "அடி பட்டுதா? எங்கயாவது வலிக்குதா?" அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சமீருல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சம்பூர்ணமும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "சார், டிராட்டு! யாரும் சொல்லித்தராம சுத்தமா பண்ணிட்டீங்க!"

சந்தோஷத்தில் சமீருல்லா எல்லாவற்றையும் மறந்தார். "அப்போ லெவல் ஒன் பாஸா மேடம்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் பில்கிஸ் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. சம்பூர்ணமும் அவரைப் பார்க்கவில்லை, பில்கிஸைத்தான் பார்த்தார்.

"இன்னா மேடம், பாஸ் போட்ரலாமா? நீங்க சொன்னீங்களேன்னுதான் இத்தினி மாசமா பிடிச்சு வச்சிருக்கேன். இனிமே எனக்கே மனசு கேக்கல."

சமீருல்லா குதிரைமேல் இருந்தபடியே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பில்கிஸ் ஜாங்கிரியின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். "லெவல் டூ கிளாஸ் என்னிக்கி?"

"புதன்கிழமை சாயந்தரம். ஞாயித்துக்கிழமை சார் ஜாலியா வீட்லயே இருக்கலாம்."

"அப்டியா?" என்றாள் பில்கிஸ். "அப்போ ஃபெயில் போட்ருங்க."