பூ கட்டிய காரில் பரீட்சைக்கு

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குக் கற்பனை அதிகம். அதில் நல்ல கற்பனை ஒன்றுகூட இருக்காது. வெளியே போன பிள்ளை வருவதற்குக் கொஞ்சம் தாமதமானால் போதும். அதற்குள் நாம் ஒரு விபத்தை உண்டாக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, உறவினருக்குக் கொடுக்க வேண்டிய தந்தியின் வாசகத்தைக்கூட மனத்துக்குள் எழுதி முடித்திருப்போம். இந்தத் துறையில் என்னை மிஞ்சியவர் ஓசூரில் யாரும் இல்லை.

என் மகள் விசாலம் பெங்களூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தாள். தினமும் ஓசூரிலிருந்து முதல் பஸ்ஸில் போவாள், சாயங்கால பஸ்ஸில் திரும்புவாள். நான் இங்கே உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே என் மனத்தில் அந்த பஸ் எத்தனையோ முறை கவிழ்ந்திருக்கிறது. பஸ்ஸில் கூட்டம், பஸ்ஸில் ஆண்கள், பஸ்ஸில் புகை, பஸ்ஸில் கோழிகள். (கோழிகளால் என்ன ஆபத்து என்று என் மனைவி அலமேலு கேட்டாள். ஆனாலும் நான் பட்டியலிலிருந்து கோழியை எடுக்கவில்லை.)

பட்டணத்தில் படிக்கிற பிள்ளைகளுக்குக் காரா, பஸ்ஸா என்று யாராவது பேச்செடுத்தால் அந்த நாட்களில் நான் தயங்காமல் கார் என்பேன். என்னிடம் சைக்கிள்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாம் வருஷத்து முடிவுப் பரீட்சை வந்தது. முதல் நாள் ரசாயனம். அன்றைக்கு பஸ் பழுதாகி நின்றுவிட்டால்? ஒரு வருஷம் வீண். ஏற்கெனவே அலமேலுவின் அண்ணன், "பொண்ணு தவறினா உடனே நிறுத்திடுங்க, நான் வரன் பார்த்து வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆக, தவறினால் படிப்பே போய்விடும். இது விசாலத்துக்கும் தெரியும். அதனால்தான் இரவெல்லாம் விளக்கை வைத்துக்கொண்டு கண் சிவக்கச் சிவக்கப் படித்தாள்.

"அப்பா, பஸ்ஸே போதும். கண்டக்டர் எனக்காக இடம் வெச்சிருப்பார்" என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. ஓசூரில் வாடகைக்குக் கிடைத்த ஒரே பெரிய கார் ஒரு ஜவுளிக் கடைக்காரருடையது. அது கல்யாணங்களுக்குப் போகிற கார். அதைப் பேசி முடித்தேன்.

விடியற்காலையில் கார் வாசலுக்கு வந்தது. முந்தின நாள் தளிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தது. முகப்பில் சாமந்திச் சரம், இரண்டு பக்கமும் சின்ன வாழைக்கன்று.

"சார், பூவெல்லாம் பிச்சுப் போட்டுடட்டுங்களா?" என்று டிரைவர் முனிராஜ் கேட்டான்.

"இருக்கட்டும்ப்பா. பரீட்சைக்குப் போகிறோம், மங்களகரமாக இருக்கிறது."

இதைச் சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை. அலமேலு தன் பங்குக்கு மகளுக்குத் தன்னுடைய அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்தாள். கோயில் பிரசாதச் சந்தனத்தை எங்கள் இருவர் நெற்றியிலும் இட்டாள். எனக்கு ஜரிகை வேட்டி, அங்கவஸ்திரம். காரில் ஏறும்போது விசாலத்திடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "வழியில் யார் எது கேட்டாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது. நான் பேசிக்கொள்கிறேன்."

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். ஓசூருக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் இந்த ஊர்க் காற்றில் கலந்திருக்கிற கன்னடத்தையும் தெலுங்கையும் நான் உள்ளே விடவில்லை. தமிழாசிரியன் காதில் தமிழ் மட்டும் விழுந்தால் போதும் என்ற கர்வம். விசாலம் தெருவில் விளையாடியே மூன்றையும் பேசினாள். இன்னொன்று: நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு, மைசூர் ராஜ்யத்தில் இருக்கிற பெங்களூரில் மதுக்கடைகள் திறந்தே இருக்கும். அங்கிருந்து வருகிற கார்களைப் பாட்டிலுக்காகச் சோதிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மதுவிலக்குப் பிரசாரக் கூட்டம் என்றால் இந்தத் தாலுகாவில் என்னைத்தான் பேசக் கூப்பிடுவார்கள்.

எல்லைச் சாவடி வரைக்கும் கார் தள்ளாடித் தள்ளாடிப் போய், அங்கே மூக்கிலிருந்து ஆவி விட்டு நின்றது. முனிராஜ் தகர டின்னை எடுத்துக்கொண்டு, "ஏரியில தண்ணி மொண்டுட்டு வந்துடறேங்க" என்று மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டான்.

மைசூர்ப் பக்கத்துப் போலீஸ் தபேதார் ஒருவர் மெதுவாக வந்தார். வயதானவர், வெள்ளை மீசை. வாழைக்கன்றைப் பார்த்தார். சாமந்தியைப் பார்த்தார். பட்டுப்புடவையில் கண் சிவந்து உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"மதுவேனா?"

கன்னடத்தில் மதுவே என்றால் கல்யாணம். 'கல்யாணமா?' என்று அன்பாக விசாரித்திருக்கிறார். அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை என்றால் ஊரார் நம்பமாட்டார்கள். கேட்டிருப்பேன், காதோடு நின்றிருக்கும். அன்றைக்கு என் காதில் விழுந்தது மது மட்டுமே. பெங்களூருக்குப் போகிற காரில் பாட்டில் கடத்துகிற முட்டாள் உலகத்தில் உண்டா என்று யோசிக்கும் நிதானமும் இல்லை.

"இல்லை, இல்லை! மதுவெல்லாம் கிடையாது!" என்று அலறினேன்.

அவர் சிரிப்பு நின்றது. "மதுவே அல்வா?" என்றார். கல்யாணம் இல்லையா என்று பொருள்.

மது போதாதென்று அல்வா வேறா என்று திகைத்தேன். "அல்வாவும் இல்லை ஐயா. புளியோதரைதான்" என்று தூக்குப்பாத்திரத்தைத் திறந்து காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. எல்லையில் இருப்பவருக்குத் தமிழ் அரைகுறையாகத் தெரியும். அந்த அரைகுறைத் தமிழுக்கு நான் மேலும் மேலும் தீனி போட்டேன்.

"எங்கள் பரம்பரையிலேயே மது கிடையாது. எங்கப்பா கிடையாது, தாத்தா கிடையாது. மது குடும்பத்தையே அழித்துவிடும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவன் நான்!"

பரம்பரையிலேயே கல்யாணம் செய்துகொள்ளாத, கல்யாணத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசுகிற ஒரு மனிதன், கல்யாணக் காரில், கல்யாணக் கோலத்தில், அழுத கண்ணோடு ஒரு பெண்ணை எல்லை தாண்டிக் கூட்டிப் போகிறான். அந்தப் பெரியவர் என்னதான் நினைப்பார்?

"ஈ ஹுடுகி யாரு?" விசாலத்தை நோக்கி விரல் நீண்டதால் கேள்வி புரிந்தது.

"என் பொண்ணு."

"ஹெண்ணா?"

"ஆமாம், பொண்ணு! என் பொண்ணு!"

பெண் என்பதை அவர்கள் ஹெண்ணு என்பார்கள். மணப்பெண்ணுக்கும் அதே சொல்தான். நான் நெஞ்சில் வேறு கை வைத்து அழுத்திச் சொன்னேன்.

அவர் முகம் கறுத்தது. "கெளகே இளி" என்றார். இறங்கு என்பது எனக்கே புரிந்தது. ஓசூரில் என்னை ஒருமையில் யாரும் கூப்பிட்டதில்லை. இறங்கினேன். அதற்குள் வண்டிக்காரர்களும் கூடைக்காரிகளும் சூழ்ந்துகொண்டார்கள். பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் கன்னத்தில் கை வைத்து, "அய்யய்யோ, ஈ முசலோடிகா!" என்று தெலுங்கில் பரிதாபப்பட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று விசாலம் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. ('இந்தக் கிழவனுக்கா' என்று அர்த்தமாம். அலமேலு சந்தோஷமாகச் சொன்னாள்.)

தபேதார் இப்போது காரின் ஜன்னலுக்குக் குனிந்து, அடங்கிய குரலில் விசாலத்திடம் கேட்டார்: "இவரு நினகே ஏனாகபேகம்மா?" இவர் உனக்கு என்ன உறவு? நான் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, பேசாதே பேசாதே என்று தலையை ஆட்டினேன். அவர் திரும்பி, நான் தலையாட்டுவதையும் பார்த்துவிட்டார்.

விசாலம் ரசாயனப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பரீட்சை மண்டபத்தின் கதவு அவள் கண்ணில் மூடிக்கொண்டிருந்ததை என்னால் பார்க்க முடிந்தது.

"அப்பா, நான் பேசட்டுமா?"

"வேண்டாம்மா. நீ சும்மா இரு."

எல்லாம் தெரிந்த குழந்தை. அங்கே நடப்பது அத்தனையும் புரிந்த ஒரே ஆள் அவள். அவளுடைய வருஷமும் படிப்பும் அந்த இடத்தில் கரைந்துகொண்டிருந்தன. இருந்தும் என் உத்தரவுக்காகக் காத்திருந்தாள். நான் பயத்தில் அந்த உத்தரவைத் தரவில்லை. அவளைப் பிடித்து வைத்திருந்தது தபேதார் இல்லை.

அப்போது பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எங்களுக்குப் பிறகு கிளம்பிய அதே முதல் பஸ், கூட்டத்தோடும் புகையோடும் கோழிகளோடும் சாவடியில் வந்து நின்றது.

விசாலம் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கதவைத் திறந்து இறங்கித் தபேதார் முன்னால் நின்றாள். "நானு இவர மகளு. பரீட்சைகே ஹோகபேக்கு" என்று ஆரம்பித்து, மளமளவென்று கன்னடத்தில் கொட்டினாள். அவள் பேசியதில் எனக்குப் புரிந்த முதல் சொல் மகளு. மகள்! பள்ளிக்கூடத்தில் ஆயிரம் தடவை கரும்பலகையில் எழுதிய சொல். தூய தமிழ் என்று மார்தட்டுகிறவன், பதற்றத்தில் பொண்ணு பொண்ணு என்று கத்தினேனே தவிர, அந்த நல்ல சொல்லை ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்த மனிதர் வணங்கி வழிவிட்டிருப்பார்.

கண்டக்டர் கெம்பண்ணா பஸ் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார். "என்னம்மா விசாலம், நீ இங்க நிக்கறே? நம்ம ஸ்கூல் மேஷ்டர எதுக்குய்யா புடிச்சு வெச்சிருக்கீங்க?" பிறகு காரைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். "ஏன் சார், ஒரு நாள் நம்ம வண்டிய விட்டதுக்கு இத்தினி அலங்காரமா?"

பஸ்ஸுக்குள்ளிருந்து தலைகள் முளைத்தன. "நம்ம காலேஜ் பொண்ணு!" என்று ஒரு அம்மாள் கூவினாள். "பரீட்சைன்னு நேத்தே சொல்லிச்சே! ஏறு கண்ணு, இங்க குந்து" என்று இன்னொருத்தி நகர்ந்து இடம் விட்டாள்.

நானும் பின்னாலேயே ஓடினேன். விசாலம் படியில் நின்று திரும்பினாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்கப்பா. எனக்கு வழி தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

பஸ் போய்விட்டது. முனிராஜ் தண்ணீரோடு வந்து, நடந்ததைத் தபேதாரிடம் கேட்டு எனக்கு விளக்க முயன்றான்; பாதியில் சிரிப்புத் தாங்காமல் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் ஏரிக்குப் போனான். தபேதார் எனக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, "மேஷ்ட்ரே, தப்பு திளிகோபேடி" என்றார். தப்பாக நினைக்காதீர்கள் என்றாராம். நான் அந்தக் காபியைக் குடித்து முடிக்கவில்லை. என் மனம் பஸ்ஸுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. விசித்திரம் என்னவென்றால், அன்றைக்கு அந்த பஸ் ஒரு தடவைகூடக் கவிழவில்லை.

பூ கட்டிய காரில் தனியாக ஓசூர்க் கடைவீதி வழியாகத் திரும்பினேன். "பொண்ண அனுப்பிட்டீங்களா சார்?" என்று ஒருவர் கேட்டார். "அனுப்பிவிட்டேன்" என்றேன். சாயங்காலத்துக்குள் சக ஆசிரியர்கள் தட்டில் பழத்தோடு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் மகள் கல்யாணத்தை முடித்ததற்காக என்னைக் கோபித்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் அவள் வந்து இறங்கும்வரை நான் நிறுத்தத்திலேயே நின்றேன்.

"உள்ளே விட்டார்களா?"

"மணி அடிச்சுட்டாங்க. கதவைச் சாத்தறதுக்குள்ள ஓடிட்டேன். முதல் கேள்வியை ரெண்டு தடவை படிக்க வேண்டியிருந்துச்சுப்பா. அப்புறம் சரியாயிடுச்சு."

தேறிவிட்டாள். அலமேலுவின் அண்ணன் வரனை வேறு இடத்துக்குக் கொண்டு போனார். இப்போது அவள் பி.எஸ்.ஸி. படிக்கிறாள், அதே பஸ்ஸில்.

காரா பஸ்ஸா என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: அன்றைக்குக் காரில் அவளைத் தெரிந்தவன் நான் ஒருவன், என்னை யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் அவளைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. என் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வழியில் யாரோடும் பேசாதே என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

அவளும் நன்றாகப் பேசுகிறாள். சாவடியில் பஸ் நிற்கும்போதெல்லாம் அந்தத் தபேதார் ஜன்னலருகே வந்து என்னை விசாரிக்கிறாராம். போன வாரம் சாப்பிடும்போது, என்னதான் கேட்கிறார் என்று அவளிடம் கேட்டேன்.

"மாப்பிள்ளை சௌக்கியமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"சௌக்கியம்தான், இன்னும் பொண்ணு அமையலைன்னு சொன்னேன்."