மூழ்குபவர்கள் கவனத்துக்கு

தண்ணீரால் மனித குலம் அடைந்த நன்மைகளை வரிசைப்படுத்தினால் குடிநீர், பயிர், கப்பல் ஆகியவற்றுக்கு அடுத்த இடம் வாட்டர் போலோ விதித் திருத்தக் குழுவுக்குத்தான். கப்பலுக்கு முன்னாலேயே வைக்கலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பக்கத்துக்கு ஏழு பேர், காலுக்கு எட்டாத ஆழத்தில் மிதந்துகொண்டே, பந்தை எதிரணியின் வலைக்குள் எறிய வேண்டும். கரையில் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு நடுவர்கள் விசிலோடு நடப்பார்கள். தண்ணீருக்கு மேலே நடப்பதற்கு விளையாட்டு என்று பெயர். கீழே நடப்பதற்குப் பெயர் கிடையாது. உதைப்பது, கிள்ளுவது, நீச்சலுடையைப் பிடித்து இழுப்பது எல்லாம் அங்கேதான்.

இடது கரை நடுவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். குளத்தங்கரையில் அவருக்குக் 'கண்ணாடி சார்' என்றே பெயர். பார்வையாளர்கள் "நடுவரே, கண்ணாடியை மாத்துய்யா" என்று கத்தும்போது அவருக்குக் கோபம் வராது. செலவில்லாத விளம்பரம் என்று எடுத்துக்கொள்வார். வாரநாள்களில் மனைவி கண் பரிசோதிக்க, இவர் ஃப்ரேமுக்குத் திருகு முடுக்குவார். வார இறுதியில் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி, கழுத்தில் விசில். நேர்மையானவர் என்று இரண்டு அணிகளும் அவரைத் திட்டும். நடுவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு ஏது?

அந்த ஆண்டு குழுவுக்குப் புதிய தலைவர் வந்தார். குளியலறை ஓடு வியாபாரி. தண்ணீரோடு அவருக்கு இருந்த உறவு அவ்வளவுதான் என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். பதவியேற்ற பிறகு அவர் முதல்முறையாக ஓர் ஆட்டத்தைப் பார்த்தார். பாதியிலேயே முகம் வாடிவிட்டது.

"ஏன் எல்லாரும் மூழ்கப் போற மாதிரியே மூஞ்ச வச்சிருக்காங்க?" என்று செயலாளரிடம் கேட்டார்.

"தண்ணிக்குள்ள பிடிச்சு இழுக்கறாங்க, ஐயா."

"எனக்குத் தெரியலையே."

"அது உள்ள நடக்குது, ஐயா."

"மூஞ்சி மட்டும் வெளிய தெரியுதே. டிவியில பாக்கறவனுக்கு மனசு என்ன பாடுபடும்?"

இப்படி ஒரு மனிதரின் இளகிய மனசிலிருந்து பிறந்ததுதான் 'நடிப்புத் தடுப்பு விதி'. அதன்படி, ஆட்டத்தின்போது வலி, பயம், மூச்சுத்திணறல் போன்றவற்றை 'முகத்தாலோ கையாலோ வெளிப்படுத்தும்' வீரர் உடனே ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவார். பிடித்து இழுத்தவரைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. குழு அவரைப் பார்க்கவில்லையே.

விதியை நடுவர்கள் எப்படிச் செயல்படுத்த வேண்டும் என்று விளக்க ஒரு பயிற்சி முகாம் நடந்தது. குளிரூட்டிய ஹோட்டல் கூடத்தில் நடந்தது. பக்கத்தில் குளம் இல்லை. ஆனால் தரைவிரிப்பு நீல நிறம். செயலாளர் தாக்குதல் வீரராக நடிக்க முன்வந்து, கோட்டும் டையுமாக விரிப்பின் நடுவில் நின்று கைகளால் துழாவினார். தடுப்பு வீரராக வலது கரை நடுவரை அழைத்தார்கள். தலைவர் சொல்வதற்கு முன்பே தலையாட்டிவிடும் சமத்து அவர். ஓடிவந்து செயலாளரின் டையை எட்டிப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தார். ஆர்வத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே இழுத்துவிட்டார். செயலாளரின் முகம் சிவந்தது, பிறகு கறுத்தது. இரண்டு கையாலும் காற்றைப் பிறாண்டினார்.

"நல்லாப் பாத்துக்குங்க" என்றார் தலைவர். "இதுதான் நடிப்பு."

கூடம் கைதட்டியது. விடுபட்ட செயலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பேச்சு வந்ததும், "ஆமா, நடிப்புதான்" என்று ஒப்புக்கொண்டார்.

கண்ணாடி சார் எழுந்தார். "ஐயா, ஒரு சந்தேகம். ஒருத்தர் நெஜமாவே மூழ்கினா எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"நெஜமா மூழ்கறவங்க கைய ஆட்ட மாட்டாங்க. அமைதியாப் போயிடுவாங்க. கைய ஆட்டினா நடிப்பு."

"அமைதியாப் போனா?"

"அமைதியாப் போனா ஃபவுலே இல்லையே. ஆட்டம் தொடரும்."

"அப்ப எந்த நேரத்துல ஆட்டத்த நிறுத்தறது, ஐயா?"

தலைவர் பரிவோடு பார்த்தார். "நீங்க கண்ணாடிக் கடைதான வச்சிருக்கீங்க? கடையில எல்லாத்தையும் பெருசாக் காட்டிக் காட்டி உங்களுக்கு எல்லாமே பெருசாத் தெரியுது."

கூடம் சிரித்தது. கண்ணாடி சாரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். சிரிக்காமல் இருந்தால் அதுவும் 'முகத்தால் வெளிப்படுத்துதல்' ஆகுமோ என்று அவருக்கு ஒரு பயம்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள். "என்னங்க, நம்ம கடைக்கு வர்றவங்க எழுத்து தெரியலைன்னு சொன்னா நடிப்புன்னு அனுப்பிடலாமா? நமக்கு வேலை மிச்சம்."

"விதின்னா விதிதான். நான் நடுவர். நடத்தறதுதான் என் வேலை."

"சரி, நடத்துங்க" என்று அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அந்தச் 'சரி'யின் அர்த்தம் கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

விதி அற்புதமாக வேலை செய்தது. அணிகள் காலையில் நீச்சலும் மாலையில் புன்னகையும் பழகின. தண்ணீருக்கடியில் முழங்காலால் குத்து வாங்கியவர்கள் பல் தெரிய மேலே வந்தார்கள். மூக்கில் ரத்தம் வழிந்த ஒருவர் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரைப் போலச் சிரித்ததைப் பார்த்துத் தலைவர் கண்கலங்கினார். "இப்பத்தான் இது விளையாட்டு மாதிரி இருக்கு" என்றார். ஃபவுல்கள் பாதியாகக் குறைந்துவிட்டதாகக் குழு அறிவித்தது. ஊதினால்தானே ஃபவுல்?

கண்ணாடி சாரும் விதியை நடத்தினார். முகம் சுளித்தவர்களை வெளியே அனுப்பினார். அவர்களும் போனார்கள். போகும்போது அவரைப் பார்த்த பார்வைதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்கு விதியில் இடமில்லாததால் அவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பெண்கள் அரையிறுதிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. உயிர்காப்பாளரின் உயர்ந்த நாற்காலியில் டிவி கேமராவை ஏற்றியிருந்தார்கள். தண்ணீரில் இருக்கிற எல்லாருக்கும் நீச்சல் தெரியும் என்பதால் உயிர்காப்பாளரை வாசலில் கார்களை ஒழுங்குபடுத்த அனுப்பியிருந்தார்கள். ஒரு மனிதவளமும் வீணாகக் கூடாது என்பதில் குழு கண்டிப்பானது.

வெள்ளைத் தொப்பி அணியின் நடுத்தாக்குதல் வீராங்கனையைத் தோழிகள் 'கெண்டை' என்பார்கள். எந்தப் பிடியிலிருந்தும் துள்ளி நழுவிவிடுவாள். அவளைத் தடுக்க நீலத் தொப்பி அணி நிறுத்தியிருந்தவளுக்கு 'நங்கூரம்' என்று பெயர். பிடித்தால் விடமாட்டாள். இருவரும் வலைக்கு முன்னால், கண்ணாடி சார் நின்ற கரையிலிருந்து நாலு கை தூரத்தில் மிதந்தார்கள்.

கெண்டை முதல் தடவை உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே மேலே வந்தாள். இரண்டாவது தடவையும் சிரிப்பு இருந்தது, ஆனால் உதடு நீலம் பூத்திருந்தது. நங்கூரத்தின் ஒரு கை தண்ணீருக்கு மேலே தெரிந்தது. இன்னொரு கை எங்கே என்று கண்ணாடி சாருக்குத் தெரியும். இத்தனை வருஷம் கரையில் நடந்தவருக்குத் தெரியாதா? ஆனால் கை தெரியவில்லை, முகம் தெரிந்தது, முகம் சிரித்தது. ஆட்டம் தொடர்ந்தது.

மூன்றாவது தடவை முகம் மேலே வரவில்லை. ஒரு கை மட்டும் வந்தது. விரல்களை விரித்து ஆட்டியது.

கண்ணாடி சார் விசில் ஊதினார். விதிப்படி அவருடைய கை தானாக நீண்டு, வெளியேற்றப்பட்டவர்கள் போய் ஒதுங்கும் மூலையைக் காட்டியது. கையால் வெளிப்படுத்துதல். கெண்டை வெளியே.

தண்ணீரில் ஆடிய கை நின்றது. மெதுவாக உள்ளே போனது.

வலது கரையிலிருந்து சமத்து நடுவர் கத்தினார். "சார், வெளிய போக மாட்டேங்கறாங்க. அது தனி ஃபவுல் சார். இன்னொரு விசில் ஊதுங்க."

நங்கூரம் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் விட்டுட்டேன் சார். அவ மேல வரல சார்."

கண்ணாடி சார் தன் நீட்டிய கையை அப்போதுதான் பார்த்தார். யாருடைய கையோ போலிருந்தது. அடுத்த கணம் காலணியோடும் விசிலோடும் தண்ணீருக்குள் இருந்தார். கண்ணாடி முகத்திலிருந்து நழுவியது. மங்கலாக ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அதை நோக்கிக் கீழே போனார்.

நங்கூரமும் அவருமாகச் சேர்ந்துதான் கெண்டையைக் கரையேற்றினார்கள். பயிற்சியாளர் அவளைத் தரையில் கிடத்தி மார்பை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது, இருமினாள், கண்ணைத் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது குனிந்து நின்ற நடுவரின் வெள்ளைச் சட்டை. உடனே உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினாள்.

"சிரிச்சுட்டுத்தான் சார் இருந்தேன்" என்றாள்.

கண்ணாடி சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தில் வழிந்தது எல்லாம் குளத்துத் தண்ணீர்தான் என்று அவர் பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

விசாரணை அதே ஹோட்டலில் நடந்தது. ஓர் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் கூடுதலாக ஒரு பூச்சாடி வைத்திருந்தார்கள்.

கண்ணாடி சார்மேல் குற்றச்சாட்டுகள் திடமானவை. ஆட்டம் நடக்கும்போது தொப்பி அணியாமல் குளத்தில் இறங்கியதால் அவர் 'அனுமதியற்ற எட்டாவது வீரர்' ஆகிறார். அவர் தூக்கியது வெள்ளைத் தொப்பியை என்பதால் வெள்ளை அணியின் எட்டாவது வீரர். ஆகவே நீல அணிக்கு ஒரு பெனால்டி சேர வேண்டும்.

"அந்தப் பொண்ணு மூழ்கிட்டிருந்தா, ஐயா" என்றார் கண்ணாடி சார்.

"அத நாங்க முடிவு பண்றோம்" என்றார் தலைவர். "பொண்ண வரச் சொல்லுங்க."

கெண்டை வந்து நின்றாள். குரல் இன்னும் கரகரத்தது.

"ஏம்மா, நீ மூழ்கினியா, நடிச்சியா? தயங்காமச் சொல்லு. நடிச்சேன்னு ஒத்துக்கிட்டா எச்சரிக்கையோட விட்டுடலாம். அடுத்த மாசமே தேசிய அணி முகாமுக்குப் போகலாம்."

அவள் கண்ணாடி சாரைப் பார்த்தாள். அவர் பூச்சாடியைப் பார்த்தார். அவளுடைய முகாம் அது. அதைப் பறிக்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தார். நடித்ததாகவே அவள் சொல்லிவிடட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டார்.

"மூழ்கினேன், சார்" என்றாள் அவள்.

தலைவர் பக்கத்தில் இருந்தவர்களோடு தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு நிமிர்ந்தார்.

"மூழ்கினவங்க என்ன ஆவாங்க?"

"செத்துப் போவாங்க, சார்."

"நீ?"

"நான்... இங்க நிக்கறேன்."

"அவ்வளவுதான் விஷயம்" என்றார் தலைவர். "நெஜமா மூழ்கியிருந்தா நீ இங்க வந்து சாட்சி சொல்ல முடியுமா? நீ உசுரோட இருக்கறதே நடிப்புக்கு ஆதாரம். செயலாளர் எழுதிக்கட்டும்."

செயலாளர் எழுதினார். இடையில் ஒருமுறை கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார்.

"நான் இழுத்து வெளிய போடாம இருந்திருந்தா?" என்று கேட்டார் கண்ணாடி சார்.

"அப்ப நடிப்பில்லைன்னு நாங்களே ஒத்துக்கிட்டிருப்போம். நீங்கதான் குறுக்க பூந்து அந்தப் பொண்ணோட ஆதாரத்தக் கெடுத்துட்டீங்க."

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. பொய்யாக மூழ்கியதற்காகக் கெண்டைக்கு ஓராண்டுத் தடை. கண்ணாடி சாருக்கு ஆயுள் தடை. படியிறங்கும்போது அவர் அவளிடம், "நடிச்சேன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொல்லலாம்னுதான் சார் போனேன்" என்றாள் அவள். "வாயத் தொறந்ததும் இதுதான் வந்துச்சு."

அதன் பிறகு அவர் வார இறுதியிலும் கடை திறந்தார். மங்கலாகத் தெரிகிறது என்று யார் வந்து சொன்னாலும் அவர் உடனே நம்பினார்.

குழு சோர்ந்துவிடவில்லை. ஒழுக்கம் தவறிய ஒரு நடுவரால் விதிக்கு நேர்ந்த களங்கத்தைத் துடைத்தே தீருவது என்று உறுதி பூண்டது. இடது கரைப் பொறுப்பும் சமத்து நடுவருக்கே போனது. அடுத்த ஆண்டு ஆண்கள் போட்டியில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் வலைக்கு முன்னால் கையை ஆட்டினான். சமத்து நடுவர் ஒரு விசில் ஊதினார். அவன் வெளியேறாததால் இன்னொரு விசில் ஊதினார். கடைசிவரை காலணி நனையாமல் நின்றார். அந்த ஆண்டின் சிறந்த நடுவர் பதக்கம் அவருக்குத்தான்.

குழு பாரபட்சம் பார்க்காதது என்பதற்கும் அந்த ஆட்டமே அத்தாட்சி. முன்பு சொன்ன சொல்லைத் தலைவர் காப்பாற்றினார். அந்தப் பையன் நடிக்கவில்லை என்று குழு ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, அதைத் தலைவரே நேரில் கொண்டுபோய் அவனுடைய அம்மாவிடம் கொடுத்தார்.